வாயால் வாங்கிய கடவுச்சொல்

"கம்ப்யூட்டர் பிரிவுலேர்ந்து வர்றேங்க" என்று சொல்லி முடித்த பிறகுதான், அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்றே தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது.

கல்லூரி நூலக மேசையில் திரும்பி வந்த புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

கணினிப் பாதுகாப்புப் பாடத்தின் முதல் வகுப்பு அன்று காலையில்தான் முடிந்திருந்தது. கணினியைத் தொடவே கூடாது. பேசியே யாரிடமிருந்தாவது ஒரு கடவுச்சொல்லை வாங்கி வந்தால் இருபது மதிப்பெண் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டு வருடம் ஆஸ்பத்திரியில் தொலைபேசி எடுக்கும் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவள். பேச்சில் யாரையும் கவிழ்த்துவிடலாம் என்று படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடி வந்திருந்தாள்.

எந்த மாடி என்று கேட்டார் அம்மாள். மூன்றாவது என்று ஒரு போடு போட்டாள். கட்டடத்துக்கே இரண்டு மாடிதான். நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தேன், அதான் குழப்பம் என்று சமாளித்தாள். அடையாள அட்டையைக் கேட்டார். இன்னும் தரவில்லை என்றாள். அப்படியானால் மேலதிகாரியிடமே கேட்டுவிடலாம் என்று அம்மாள் தொலைபேசியை எடுக்க, அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"அவர் மீட்டிங்ல இருக்காருங்க. உங்க கடவுச்சொல்லை மட்டும் சொன்னீங்கன்னா, சரிபாத்துட்டுப் போயிடுவேன்."

"தாராளமா சொல்றேன். நீங்க இங்க வேலை பாக்கறவங்கதான்னு தெரிஞ்சா போதும். இந்த கம்ப்யூட்டர்ல உங்க கணக்கைத் திறந்து காட்டுங்க."

தொட்டால் இருபதும் போச்சு. விரல் சுளுக்கு என்றாள். பரவாயில்லை, நீங்கள் சொல்லுங்கள், நான் தட்டுகிறேன் என்றார் அம்மாள்.

கைக்கெட்டும் தூரத்தில் வெற்றி. யோசிக்க நேரமேது? தன் கல்லூரிக் கணக்கின் எண்ணைச் சொன்னாள். கணவனைக் கூப்பிடும் செல்லப்பெயரையும் கல்யாணத் தேதியையும் சேர்த்து வைத்திருந்த கடவுச்சொல்லை, எழுத்து எழுத்தாக, முகம் சிவக்கச் சிவக்கச் சொன்னாள்.

அம்மாள் விசைப்பலகைப் பக்கமே போகவில்லை. எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் பொறுமையாக எழுதி, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"உடனே போய் மாத்திடும்மா. நானும் சாயங்காலத்துல இதே பாடம்தான் படிக்கிறேன், எங்களுக்கு இந்த வகுப்பு நேத்தே முடிஞ்சிருச்சு; காலையிலேர்ந்து நீ அஞ்சாவது ஆளு."