பைக்கு ஒரு நன்றிக் கடிதம்

"அந்தப் பையைக் குடுக்க வேண்டாம்னு சொல்றேன்ல?" என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் மனைவி.

போட்டோக்காரர் காதில் வாங்கவில்லை. அன்று காலை கம்பெனி ஆள் கொண்டுவந்து கொடுத்த கடிதத்தை ஆறாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். பை கம்பெனியின் பொது மேலாளரே கைப்பட எழுதியது. குறைந்தபட்சம், கைப்படக் கையெழுத்துப் போட்டது.

'தங்கள் நன்றிக் கடிதம் கண்டு எங்கள் கண்கள் பனித்தன. பதினோரு ஆண்டுகள் கேமராக்களைச் சுமந்தும் ஒரு தையல்கூடப் பிரியாத தங்கள் முதுகுப்பையை, நாளை காலை பத்து மணிக்கு எங்கள் புதிய காட்சியறைத் திறப்பு விழாவில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பெருமைப்பட விரும்புகிறோம். அதற்கு முன், அனைவர் முன்னிலையிலும் அதில் நாற்பது கிலோ எடையைத் தொங்கவிட்டுக் காட்டுவோம். பதிலுக்குத் தங்களுக்குப் புத்தம் புதிய பை ஒன்று பரிசளிக்கப்படும்.'

"கண்ணாடிப் பேழை!" என்றார் போட்டோக்காரர். "நான் செலக்ட் பண்ண பை!"

அந்த 'நான்' என்ற சொல்லில் இருபது வருட வலி இருந்தது. கல்யாணமான புதிதில் அவர் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த குடை, மழையில் மட்டும் விரியாது. அவர் வாங்கிய இஸ்திரிப் பெட்டி, அவருடைய ஒரே கோட்டில் தன் உருவத்தைப் பதித்துவிட்டு ஓய்ந்தது. அவர் வாங்கிய சாய்வு நாற்காலியில் சாய்ந்த மாமனாரை மீட்டெடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு துடைப்பம் வாங்கப் போனால்கூட, "மாமா, நீங்க கடைக்கு வெளியிலயே நில்லுங்க" என்பான் மச்சினன்.

இந்தப் பை ஒன்றுதான் அவர் மானத்தைக் காப்பாற்றியது. இரண்டு கேமரா, நான்கு லென்ஸ், இரண்டு ஃபிளாஷ், சார்ஜர், பேட்டரி என்று பன்னிரண்டு கிலோவைப் பதினோரு வருடமாகச் சுமந்து வந்தது. பள்ளிக்கூட மைதானம், கல்யாண மண்டபம், தொழிற்சாலை மொட்டைமாடி, எங்கும் அது அவரைக் கைவிடவில்லை. இதனால் தொழில்வட்டாரத்தில் அவர் பைகளுக்கே அத்தாரிட்டி ஆகிவிட்டார். படம் எடுக்கும்போது அவர் ஓயாமல் சொல்லும் வார்த்தையையே பெயராக வைத்து 'அசையாதீங்க அண்ணன்' என்று அழைக்கும் சக கலைஞர்கள், பை வாங்குமுன் அவரிடம் வந்து ஆசி பெறுவது வழக்கம்.

போன மாதம்கூட ஒரு வீடியோக்காரர் வந்திருந்தார். "அண்ணே, நல்ல பையா ஒண்ணு சொல்லுங்கண்ணே. பட்டை அறுந்து என் லென்ஸ் மாடிப்படியில உருண்டுடுச்சு."

"பை வாங்குறப்ப முதல்ல என்ன பாக்கணும்?"

"கலராண்ணே?"

"உன் லென்ஸ் உருண்டது நியாயம்தான்" என்றார் போட்டோக்காரர். "பட்டையும் பையும் சேர்ற இடத்தோட தையலைப் பாரு. பையோட உயிரே அங்கதான் இருக்கு. ஜிப்பைப் பத்து தடவை இழுத்துப் பாரு. உள்ள இருக்கிற பஞ்சுத் தடுப்பை அமுக்கிப் பாரு, விட்டதும் எழுந்திருக்கணும். முதுகுப் பக்கமா திறக்கிற பையா எடு, கூட்டத்துல எவனும் கை விட முடியாது. அப்புறம், காலியா இருக்கும்போதே கனத்துதுன்னா அது பை இல்ல, பாரம்."

"உங்க பையை ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமாண்ணே?"

"பாக்கலாம். தொடக் கூடாது."

ஊருக்கெல்லாம் தையலைப் பார்க்கச் சொன்னவர், தன் பையின் தையலைக் கடைசியாகப் பார்த்தது அதை வாங்கிய அன்றுதான். ஞாயிறுதோறும் பையைக் காலி செய்து, உதறி, வெயிலில் வைத்து எடுப்பதெல்லாம் மனைவியின் வேலை. அவள் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். உடைந்தும் கிழிந்தும் வருகிறவர்களை ஒழுங்குபடுத்தி வீட்டுக்கு அனுப்பிவைப்பது தொழில் என்பதால், வீட்டில் ஒரு பையை உதறுவது அவளுக்குப் பெரிய காரியம் இல்லை என்று போட்டோக்காரர் நினைத்தார்.

அதற்காக அவரை நன்றி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பஸ் கண்டக்டருக்கு நன்றி சொல்வார். லிஃப்ட் கதவு திறந்தால் லிஃப்ட்டுக்கு நன்றி சொல்வார். பை கம்பெனிக்கு நான்கு பக்கத்தில் நன்றி எழுதியவர். என்ன ஒன்று, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த நன்றியையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார்.

"வேணும்னா போட்டோ எடுத்து அனுப்புங்க. பையை எதுக்குக் குடுக்கணும்?" என்றாள் மனைவி, டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே.

"உனக்குப் பையைப் பத்தி என்னம்மா தெரியும்?"

மனைவி ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். அப்புறம் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளே தேர்ந்தெடுத்த குடை.

அவள் போனதும் போட்டோக்காரர் யோசித்தார். ஏன் தடுக்கிறாள்? பை அழுக்காக இருக்கிறது, மேடையில் மானம் போகும், அதுதான். பையை வாளியில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் பட்டைகளை அரை மணிநேரம் தேய்த்தார். பதினோரு வருட வியர்வை கறுப்பாக வெளியேறியது. பை ஈரத்தில் கனத்துத் தொங்கியது.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்தான். கடிதத்தைப் படித்தான்.

"நாப்பது கிலோவா? மாமா, ட்ரையல் பாத்துட்டீங்களா?"

"எதுக்குடா ட்ரையல்? பதினோரு வருஷமா பாத்தது ட்ரையல் இல்லையா?"

"அது பன்னெண்டு கிலோ. மேடையில டொம்முனு விழுந்துச்சுன்னா? அந்தக் குடை, அந்த நாற்காலி, எல்லாம் திரும்ப ஞாபகம் வருமே மாமா எல்லாருக்கும்."

இரண்டு பேருமாகப் பையை ஜன்னல் கம்பியில் மாட்டினார்கள். மச்சினன் இரண்டு இருபது லிட்டர்த் தண்ணீர்க் கேன்களைப் பையோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டான். பை அசையவில்லை.

"பாத்தியா!" என்றார் போட்டோக்காரர்.

"நாப்பது கிலோ மட்டும்தானா தொங்கும்? மேடைன்னா ஒரு ஆட்டம் இருக்கும்ல?" என்று சொல்லி, மச்சினன் பையைப் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஒரு ஆட்டு ஆட்டினான்.

'ட்ரிக்' என்று ஒரு சத்தம். ஊறிப்போன துணி, வலது பட்டையின் மேல் முனையில் ஒரு விரல் அகலத்துக்கு வாய் பிளந்தது.



"மாமா, எனக்கு ஒரு வேலை இருக்கு" என்றான் மச்சினன்.

"ஓடினா காலை உடைப்பேன். போய்ப் பசை வாங்கிட்டு வா. இரும்பையே ஒட்டுமாமே, அந்தப் பசை."

இரும்பை ஒட்டுமோ என்னவோ, விரலை நன்றாக ஒட்டியது. கிழிசலுக்குள் பசையைப் பிதுக்கி, போட்டோக்காரர் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். நூறு வரை எண்ணிவிட்டு எடுக்கப் பார்த்தார். வரவில்லை. மறுகையால் இழுக்கப் போனார். அந்தக் கையின் இரண்டு விரல்கள் ஜிப்போடு சங்கமமாயின.

சாயங்காலம் மனைவி வீட்டுக்கு வந்தபோது, கணவர் கூடத்தின் நடுவில் பையைக் குழந்தை மாதிரி அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். மச்சினன் அவருக்கு டீ புகட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, பையை இறக்கி வெச்சிட்டு டீ குடிக்கலாம்ல?"

"இறக்க முடிஞ்சா இறக்க மாட்டேனா?"

மனைவி அருகில் வந்து பார்த்தாள். கிழிசலையும் பார்த்தாள். சிரிக்கவில்லை, திட்டவில்லை. வெந்நீரும் சோப்பும் எண்ணெயும் எடுத்துவந்து, விரல் விரலாக விடுவித்தாள். "எங்க வார்டுக்கு வாரத்துக்கு ஒருத்தர் இப்படித்தான் வருவாங்க. ஆனா பையோட யாரும் வந்ததில்ல" என்றாள்.

போட்டோக்காரர் விடுதலையான விரல்களைப் பார்த்தபடி தழுதழுத்தார். "நான் போகல. உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன். வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு உருப்படியா செலக்ட் பண்ணினேன். அதுவும் போச்சு."

மனைவி எண்ணெய்க் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தாள்.

"மேடையில ஏறப்போறவர் தலை இப்படியா இருக்கும்? போய் முடி வெட்டிட்டு வாங்க. அதுக்குள்ள பசை நல்லா காஞ்சிடும். டேய், நீயும் மாமாகூடப் போ."

ஒன்றரை மணிநேரம் கழித்து அவர்கள் திரும்பியபோது பை மேஜைமேல் இருந்தது. போட்டோக்காரர் பட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். அப்புறம் பலமாக இழுத்தார். அப்புறம் மச்சினனைத் தொங்கச் சொன்னார். பட்டை ஒரு மயிரிழைகூட விலகவில்லை. ஜிப்கூட வெண்ணெயாக ஓடியது.

"அடேங்கப்பா! என்ன பசை! என்ன பசை!"

"ஆமாங்க. காஞ்சதும் பிடிச்சிடுச்சு" என்றாள் மனைவி, குழாயடியில் கை கழுவிக்கொண்டே.

"இந்தப் பசைக் கம்பெனிக்கும் ஒரு லெட்டர் போடணும்."

"போடுங்க. முடி வெட்டினவரையும் விட்டுடாதீங்க."

மறுநாள் காட்சியறை நிரம்பி வழிந்தது. போட்டோக்காரர் மேடையில் இருந்தார். மனைவி மூன்றாவது வரிசையில், தன் தம்பிக்குப் பக்கத்தில்.

பொது மேலாளர் மைக்கைப் பிடித்தார். மைக் கீச்சிட்டது. "பை என்பது வெறும் பை அல்ல," என்று தொடங்கினார். "அது ஒரு தத்துவம். நேற்றும் இன்றும் எங்கள் தரம் ஒன்றுதான் என்பதை நிரூபிக்க, இந்த ஐயாவின் பழைய பையையும் எங்கள் புதிய பையையும் அருகருகே தொங்கவிடுகிறோம்!"

இது கடிதத்தில் இல்லாதது. அவருக்கு அந்த நிமிடத்தில் தோன்றிய யோசனை. அப்படிப்பட்ட யோசனைகளுக்கு உரிய பலனை அது உடனே தந்தது. இருபத்தைந்தாவது கிலோவில் புதிய பை 'டர்ர்ர்' என்று கிழிந்து, இரும்புக் குண்டுகள் மேடையில் உருண்டன. பொது மேலாளர் தத்துவத்தை விட்டுவிட்டு மேஜைமேல் ஏறிக்கொண்டார்.

பழைய பையில் நாற்பது ஏறியது. அசையவில்லை. யாரோ உற்சாகத்தில் ஐம்பது வைத்தார்கள். அசையவில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

போட்டோக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கை வாங்கினார். "இந்தக் கம்பெனிக்கு நன்றி. இதைத் தைச்ச மெஷினுக்கு நன்றி. அந்த நூலுக்கு நன்றி. அன்னைக்கு ஏழு பையை எடுத்துக் காட்டின கடைக்காரருக்கு நன்றி. பசைக்கு..." என்று சொல்லி, சுதாரித்து, "பாசத்தோட வந்த எல்லாருக்கும் நன்றி" என்று முடித்தார். லிஃப்ட்டுக்குக்கூட அவர் அவ்வளவு உருகியதில்லை. மூன்றாவது வரிசைக்கு மட்டும் நன்றி போய்ச் சேரவில்லை.

மேஜையிலிருந்து இறங்கிய பொது மேலாளர், நிலைமையைச் சரிசெய்ய முனைந்தார். "பழசு பழசுதான்! அந்தக் காலத்துத் தையலின் ரகசியத்தை விளக்க, எங்கள் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடமாகத் தையல் சரிபார்க்கும் அம்மாவை மேடைக்கு அழைக்கிறேன்!"

ஒல்லியான ஓர் அம்மா மேடையேறி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பையை உள்பக்கமாகப் புரட்டினார். பட்டையின் முனையைப் பார்த்தார். அடியைப் பார்த்தார். ஜிப்போரத்தை விரலால் தடவினார். நெற்றி சுருங்கியது.

"சார், இது நம்ம தையலே இல்லையே."

"மைக்கை ஆஃப் பண்ணுங்க" என்றார் பொது மேலாளர், மைக்கிலேயே.

"மெஷின் தையல்னா ஒரே நூலா ஓடும். இது ஒவ்வொண்ணும் தனித்தனி. ஒவ்வொண்ணுக்கும் தனி முடிச்சு. ஒண்ணு அறுந்தாலும் பக்கத்துல இருக்கிறது தாங்கிக்கும். மேல் பட்டையில போட்டிருக்கிறது நேத்துப் போட்டது மாதிரி இருக்கு, அடியில இருக்கிறது பத்து வருஷப் பழசு. நம்ம கம்பெனிதுன்னு இதுல மிச்சம் இருக்கிறது லேபிள் ஒண்ணுதான். அதையும் யாரோ திருப்பித் தைச்சிருக்காங்க."

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் போட்டோக்காரர். முடிவெட்டிய தலை வியர்த்தது. "பதினோரு வருஷத்துல இந்தப் பையில நான் ஒரு தையல் போட்டதில்ல!"

"நீங்க போடல சார், தெரியுது" என்றார் அந்த அம்மா. பையைக் கீழே வைத்துவிட்டு, தன் சட்டையின் இடது கையை முழங்கை வரை சுருட்டினார். முன்கையில் மெல்லிசாக, நேராக, ஒரு பழைய தழும்பு இருந்தது.

"போன வருஷம் கண்ணாடி கிழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப எனக்கு ஏழு தையல் போட்டாங்க, அதே நூல், அதே முடிச்சு; அந்த சிஸ்டருக்கு ஒரு நன்றி சொல்லணும்னு நானும் அன்னையில இருந்து தேடிட்டு இருக்கேன் சார், அதோ பாருங்க, மூணாவது வரிசையில அழைப்பிதழால முகத்தை மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்கதான்!"