ஓய்வும் சிரிப்பும், சுருக்கமாக ஓ.சி.

ஆதிமனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். ஆனால் கைக்காசு செலவில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பது எப்படி என்று கண்டுபிடிக்க மட்டும் மனிதகுலம் 1991-ஆம் ஆண்டு ஆவணி மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்தவர் திரு. கோதண்டராமன், நலத்துறை அதிகாரி, கோமேதகம் வாஷர் கம்பெனி, ஒரகடம் ரோடு, ஸ்ரீபெரும்புதூர் தாலுகா. அன்னாருக்கு இதுவரை யாரும் சிலை வைக்கவில்லை. நாம் நன்றிகெட்டவர்கள்.

அந்தக் கண்டுபிடிப்பால் பயனடைந்தவர்களில் ஒருவன் தாண்டவராயன். வல்லத்துக்காரன், பிரஸ் லைனில் ஆபரேட்டர். இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. "மாசக் கடைசியில ஆயிடும்" என்று சூப்பர்வைசர் யாக்கோபு முப்பது மாசக் கடைசிகளாகச் சொல்லிவந்தார். அதனால் கம்பெனியில் யார் எதைச் சொன்னாலும் "சரி சார்" என்று சொல்லும் நற்பழக்கம் அவனுக்கு ஏற்பட்டிருந்தது. இந்தப் பழக்கதோஷத்தில் கல்யாணமான புதிதில் மனைவி மஞ்சுளாவிடமும் ஒன்றுக்குச் "சரி" சொல்லித் தொலைத்திருந்தான். மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டுவதாக. அதற்கு இப்போது வயது இரண்டு வருஷம்.

"கடலு எங்க போவப் போவுது? அங்கியேதான் கீது" என்பான் தாண்டவராயன்.

"கடலு போவாது. நான் போயிடுவேன், படப்பைக்கு, எங்கம்மா வூட்டுக்கு" என்பாள் மஞ்சுளா.

இந்த நெருக்கடியான கட்டத்தில்தான் ஒரு சனிக்கிழமை நோட்டீஸ் போர்டில் அந்த அறிவிப்பு வெளியாயிற்று. "தொழிலாளத் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கியும் சும்மா இருந்தும் சீரழிவது நிர்வாகத்தின் நெஞ்சைப் பிளக்கிறது. எனவே நாளை முதல் ஞாயிறுதோறும் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை ஓ.சி. அனைவரும் தவறாது வந்து மகிழ வேண்டியது."

தாண்டவராயன் அதை ஓ.டி. என்று படித்துவிட்டு யாக்கோபுவிடம் ஓடினான்.

"சார், ஓ.டி.யா? டபுள் கூலியா?"

"கண்ணத் தொடச்சிகினு படி. ஓ.டி. இல்ல, ஓ.சி. ஓய்வும் சிரிப்பும். கோதண்டராமன் சார் மூணு நாளு யோசிச்சி வெச்ச பேரு."

"கண்டிப்பா வரணுமா சார்?"

"சேச்சே! உன் இஷ்டம்பா. வராதவன் பேர மட்டும் எழுதிக் குடுக்கச் சொல்லிகீறாங்க."

"சரி சார்."

முதல் ஞாயிறு "புதையல் வேட்டை". எட்டு எம்.எம். வாஷரும் பத்து எம்.எம். வாஷரும் கலந்துபோய் ஒரு பெரிய குவியலாகக் கிடந்தன. எட்டைத் தேடி எடுப்பவர் வென்றவர். பத்தைத் தேடி எடுப்பவரும் வென்றவர். இப்படித் தோல்வியே இல்லாத விளையாட்டு உலகில் வேறெங்கும் கிடையாது. திங்கட்கிழமை சரக்கு லாரி வந்தது தற்செயல்.

இரண்டாம் ஞாயிறு கயிறு இழுக்கும் போட்டி. எதிரணியாக நின்றது இரண்டு டன் எடையுள்ள பழைய பிரஸ் மெஷின். பழைய ஷெட்டில் தொடங்கிய போட்டி புது ஷெட் வரை நடந்தது. மதியம் வரை எதிரணியின் கையே ஓங்கியிருந்தது. பிறகு நம்மவர்கள் வென்றார்கள். தோற்ற மெஷினை அங்கேயே வைத்து போல்ட் போட்டார்கள்.

மூன்றாம் ஞாயிறு ஓவியப் போட்டி. சுற்றுச்சுவர் முழுக்க ஓவியம். வண்ணம் சாம்பல் மட்டும். முதல் பரிசு ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அதை நடுவர் யாக்கோபுவே வென்றார்.

அன்றைக்கு சின்னப்பையன் என்கிற ஹெல்பர் வராமல் வீட்டில் தூங்கிவிட்டான். திங்கட்கிழமை அவனுக்கு மெமோ வந்தது: "தாங்கள் நேற்று முன் அனுமதியின்றி மகிழாமல் இருந்தமைக்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்." பாவம், சின்னப்பையன் என்ன விளக்குவான்? இனிமேல் ஒழுங்காக மகிழ்கிறேன் என்று எழுதிக்கொடுத்தான்.

நான்காவது சனிக்கிழமை காலையில் மஞ்சுளா துணிப்பையைக் கட்டி வாசற்படியில் வைத்தாள். "நாளைக்கு ஒண்ணு கடலு, இல்லாங்காட்டி படப்ப. நீயே சொல்லுய்யா."

தாண்டவராயன் கணக்குப் போட்டுப் பார்த்தான். கடலுக்குப் போனால் பர்மனென்ட் போச்சு, போகாவிட்டால் பெண்டாட்டி போச்சு. வேறு வழியில்லாமல் கோதண்டராமன் அறைக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னான். அவர் உருகிப்போனார்.

"கடலா? அட அசடே, இதை முன்னாலேயே சொல்லக்கூடாதா? நீ எதுக்கு அங்க போகணும்? கடற்கரையையே இங்க கொண்டுவந்துடறேன். சம்சாரத்தைக் கூட்டிண்டு வா. எல்லாரும் குடும்பத்தோட வாங்கோ!"

"சரி சார்."

ஞாயிறு காலை எட்டு மணி. மஞ்சுளா மாம்பழக் கலர் புடவையும் தலை நிறையப் பூவுமாகக் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தாள். எதிரே நான்கு லாரி மணல் மலையாகக் கொட்டிக் கிடந்தது. பக்கத்தில் இரும்புச் சட்டிகள் அடுக்கியிருந்தன. மேலே ஒரு துணி பேனர்: "கடற்கரை விழா".

"வாம்மா, வா!" என்றார் கோதண்டராமன், கையில் மைக்குடன்.

"சார், இது இன்னா சார்?"

"பீச்."

"தண்ணி?"

"பின்னால தொட்டியில இருக்கு. அதையும் கழுவ... அதிலேயும் விளையாடலாம். முதல்ல மணல் வீடு கட்டற போட்டி. எல்லாரும் ஆளுக்கொரு சட்டி எடுத்துண்டு, மணலை இன்னொரு ஷெட்டுக்குத் தோண்டின அஸ்திவாரத்துக்கிட்ட கொண்டுபோய்க் கட்டணும். முடிஞ்சதும் சுண்டல்!"

மஞ்சுளா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே குனிந்து ஒரு சட்டியை எடுத்துக்கொண்டிருந்தான்.

"கீழ வையிய்யா அத்த" என்றாள். நேராகப் போய் சுண்டல் அண்டாவைத் திறந்தாள். இரண்டு பொட்டலம் கட்டினாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு மணல்மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னா பாக்கறீங்க? பீச்சுக்கு வந்தவன் மணல்ல குந்திகினு சுண்டல் துன்னுவானா, மணலத் தூக்கிகினு போவானா? வாங்கம்மா எல்லாரும்!"

பெண்கள் ஏறினார்கள். பிள்ளைகள் உருண்டார்கள். பிறகு ஆண்கள் ஒவ்வொருவராகச் சட்டியைப் போட்டுவிட்டு ஏறினார்கள். தாண்டவராயன் கடைசியாக ஏறி மஞ்சுளா பக்கத்தில் ஒண்டிக்கொண்டான். பயமாகத்தான் இருந்தது, ஆனால் சுண்டல் நன்றாக இருந்தது.

"விளையாடுங்கோ! தயவு செய்து விளையாடுங்கோ!" என்று மைக்கில் கெஞ்சினார் கோதண்டராமன்.

யாக்கோபு அவர் காதருகே போனார். "சார், பேசாம வேலை செய்ங்கடான்னு சொல்லிடலாமா?"

"யோவ், சொன்னா அது ஓ.டி. ஆயிடும்யா!"

மைக்கை அணைக்க மறந்துவிட்டார். மணல்மேடு முழுக்க அது கேட்டது. அன்று மாலை ஐந்து மணி வரை ஒரு சட்டி மணலும் நகரவில்லை. ஓய்வு இருந்தது, சிரிப்பும் இருந்தது. திட்டம் முழு வெற்றி பெற்ற நாள் அது ஒன்றுதான்.

மறுநாள் தாண்டவராயனுக்கு மெமோ வந்தது. "தாங்கள் நேற்று வேலை நேரத்தில், ஒப்படைத்த வேலையைச் செய்யாமல், மனைவியுடன் மணலில் அமர்ந்து உண்மையாகவே மகிழ்ந்தது கடும் ஒழுங்கீனம்." கீழே கோதண்டராமன் கையெழுத்து, கம்பெனி சீல்.

பர்மனென்ட் போச்சு என்று அவன் வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மஞ்சுளா மெமோவை இரண்டு தரம் படித்தாள்.

"இன்னாய்யா, 'வேலை நேரம்'னு எழுதிகீது? விளையாட்டுன்னுதானே சொன்னாங்க? சீல் வேற குத்திகீறாங்க. இத லேபர் ஆபீஸ்ல காட்னா இன்னா ஆவும்?"

அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று, மறுநாள் கள்ளங்கபடமில்லாமல் யாக்கோபுவிடமே கேட்டான். யாக்கோபுவுக்கு வேர்த்துவிட்டது. மேலே ஓடினார்.

ஐந்தாவது ஞாயிறு காலை, ஓ.சி. ரத்து. வல்லம் பஸ் ஸ்டாப்பில் தாண்டவராயனும் மஞ்சுளாவும் மெட்ராஸ் போக நின்றிருந்தார்கள். கோதண்டராமன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் ஒரு கவர்.

"இந்தாப்பா, உன் பர்மனென்ட் ஆர்டர். அந்த மெமோவை மட்டும் திருப்பிக் கொடுத்துடு. டைப் அடிக்கறச்சே ஒரு வார்த்தை தப்பா விழுந்துடுத்து."

"எந்த வார்த்த சார்?"

"'வேலை'."

தாண்டவராயனுக்குப் பழக்கதோஷத்தில் "சரி சா" வரை வந்துவிட்டது. மிச்சத்தை விழுங்கினான். கவரைப் பிரித்து, தன் பேரும் சீலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பஸ் வந்தது. மஞ்சுளாவை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் படியில் கால் வைத்தான்.

"மெமோப்பா, மெமோ!" என்று கூடவே ஓடிவந்தார் கோதண்டராமன்.

"நாலு ஞாயித்துக்கெழம ஓசியில குடுத்தாச்சு சார்" என்றான் தாண்டவராயன். "இனிமே ஓசியில ஒண்ணும் கெடையாது."