கால் எட்டாத கரடியும் காடு தாண்டும் வண்டியும்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. யாரோ எவரோ என்று நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள், அந்தக் கரடி நான்தான். பெயர் பொங்கியண்ணன். தொழில், கரையான் புற்று தோண்டுவது. உடம்பு பெரியது, கால் குட்டை. இந்தக் கடைசி விஷயத்தை நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்து தொலைத்ததால்தான் இந்தக் கதையே நடந்தது.

எனக்கு ஒரு ஆசை வந்தது. மலை, ஆறு, சேறு எதையும் தாண்டுகிற பெரிய அட்வெஞ்சர் பைக் வாங்க வேண்டும். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒருவன் பனிமலையில் ஓட்டுகிறான், ஒருவன் பாலைவனத்தில் ஓட்டுகிறான். நம் குகைக்கும் புற்றுக்கும் கூப்பிடு தூரம்தானே, நடுவில் பாலைவனம் எதுவும் இல்லையே என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. இந்த வண்டிக்கு எத்தனை குதிரைசக்தி, அந்த வண்டிக்கு எத்தனை என்று புற்றுக்குள் தலையை விட்டபடியே ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனைவி பாவாத்தாள், "எதுக்குங்க அவ்வளவு பெருசு? ஒரு மொபெட்டு போதாதுங்களா?" என்றாள்.

நியாயமான கேள்வி. அதனால் நான் அவள் அம்மாவை இழுத்தேன்.

"உங்கம்மா இருக்கறது ஆத்துக்கு அந்தப் பக்கம். பாலம் உடைஞ்சதுல இருந்து நீ போய்ப் பாத்தியா? மலையைச் சுத்தி நடந்து போற காரியமா அது? மொபெட்டு ஆத்துல எறங்குமா? இது எறங்கும், ஏறும். உன்னையப் பின்னாடி உக்கார வெச்சு, காலைல கெளம்புனா மத்தியானச் சோறு உங்கம்மா கையால."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய், மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த தேன் பானைகளை எல்லாம் எடுத்து வந்து வைத்தாள். நான் வண்டிக்கென்று வாங்கிக்கொண்டேன். அவள் அம்மாவைப் பார்க்கவென்று கொடுத்தாள்.

ஷோரூமில் நரி மேனேஜர். சட்டையை இன் பண்ணி, கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்தார். பானைகளைப் பார்த்ததுமே எனக்கு ஜூஸ் வந்துவிட்டது.

"இது ஆன்-ரோடு விலைங்க சார்."

"காட்டுல ரோடே இல்லியேப்பா."

"அதுக்குத்தான் சார் இந்த வண்டி."

ஏறி உட்கார்ந்தேன். ஆகா, என்ன உசரம்! காடே கீழே தெரிந்தது. கால்தான் இரண்டு பக்கமும் தொங்கியது.

"காலு கொஞ்சம் அந்தரத்துல நிக்குதே?"

"மெயின் ஸ்டாண்டுல நிக்குது சார். எறக்குனா சரியாப் போயிரும்."

எறக்கிக் காட்டு என்று கேட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் ஒரு சிறுத்தை ஹெல்மெட் பார்த்துக்கொண்டு நின்றது. அது கால் நீளமான ஜாதி. அதன் எதிரே என் காலைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. "சரி, பில்லைப் போடுங்க" என்றேன்.

வண்டி குகைக்கு வந்த அன்று பூசை. மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஊரே கூடியிருந்தது. ஸ்டாண்டை எடுத்து ஸ்டார்ட் செய்தேன். பழம் நசுங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள். நிறுத்திக் காலை ஊன்றினேன். தரையைக் காணோம். வண்டியும் நானும் மாலையுமாகச் சரிந்தோம்.

யானைதான் வந்து தும்பிக்கையால் தூக்கிவிட்டது. "என்ன பொங்கியண்ணா, பூசையில அங்கப்பிரதட்சணமும் சேத்திங்களா?"

"எலுமிச்சம்பழம் வழுக்கிருச்சு" என்றேன். அன்றிலிருந்து அதே பொய்யைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். பெரிய கல் இருக்கிற இடத்தில் மட்டும் நிறுத்துவது. குகை வாசலில் ஒரு கல், முயல் டீக்கடை முன்னால் ஒரு கல். ஆக, உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய அந்த வண்டியில் நான் முயல் டீக்கடைக்குப் போய்வந்தேன். கல்லில் ஒரு காலை வைத்துக்கொண்டு சாய்ந்து நின்றால் தோரணையாகத்தான் இருக்கும்.

"மைலேஜ் எவ்வளவு தருது?" என்று கேட்காத மிருகம் இல்லை.

"மைலேஜ் பாக்கறவன் இந்த வண்டி எடுக்க மாட்டான்" என்பேன். சொல்லிவிட்டு, தேன் பானை காலியாகிவிட்ட காரணத்தால் அரை டீ மட்டும் குடிப்பேன்.

வேலைக்கு நடந்துதான் போவேன். புற்று மண் பட்டால் பெயிண்ட் என்னாவது? சாயங்காலம் திரும்பி வந்தால் வண்டி வேறு பக்கம் பார்த்து நிற்கும்.

"ஏன் அம்மிணி, வண்டி திரும்பி நிக்குது?"

"கூட்டறதுக்கு நகத்துனேனுங்க" என்பாள் பாவாத்தாள். சரி, சுத்தமாக வைத்துக்கொள்கிறாளே என்று நான் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அவள் கேட்பாள், "அம்மா ஊருக்கு எப்பங்க போறோம்?"

"பெட்டி மாட்டணும்" என்றேன். அடுத்த தடவை, விழுந்தால் அடிபடாமல் இருக்கக் கம்பி கார்டு மாட்டணும் என்றேன். அதற்கடுத்து, டயர் மாத்தணும் என்றேன். மலைமேல் கார்மேகம் கூட ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் காக்கை பறந்து வந்து மூச்சு வாங்கியது. "பாவாத்தா, உங்கம்மா தேனெடுக்க ஏறி மரத்துல இருந்து விழுந்துட்டாங்க. இடுப்பு அசையல. உம்பேரையே சொல்லிட்டுக் கெடக்கறாங்க. மேல நல்ல மழை. இன்னிக்குள்ள ஆத்துல தண்ணி வந்துரும்."

பாவாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நானும் கல்லின்மேல் ஏறி, வண்டியின்மேல் ஏறி, கிளம்பினேன்.

ஆற்றங்கரை வந்தது. கரை முழுக்க மணல். பேருக்குக்கூட ஒரு கல் இல்லை. நான் மணலில் ஒரு வட்டம் போட்டேன். இன்னொரு வட்டம் போட்டேன்.

"ஏனுங்க சுத்தறீங்க?"

"எறங்கறதுக்கு எடம் பாக்கறேன்."

"தண்ணி ஏறுதுங்க. நிறுத்துங்க, எறங்கியே பாக்கலாம்."

"நிறுத்த முடியாது அம்மிணி. எனக்குக் காலு எட்டல."

"எப்ப இருந்து?"

"வாங்குன அன்னிக்கிருந்து."

சொல்லி முடிக்கும்போதே இருவரும் மணலில் கிடந்தோம்.

பாவாத்தாள் அழுதாள். "எங்கம்மாவைச் சொல்லித்தானுங்களே தேனை வாங்குனீங்க? எட்டலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எப்பவோ நடந்தாவது போயிருப்பனே!" அந்த ஆறு வந்து என்னை மட்டும் அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதா என்று இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, சீட்டில் இடுப்பை முட்டுக் கொடுத்து, ஒரே தம்மில் நிமிர்த்தினாள். வீடியோவில் அதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் செய்ததில்லை. பிறகு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் மணலில் அழுத்தமாகப் பதிந்தன. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அவளுக்குக் கால் நீளம் என்பது எனக்குத் தெரியாது.

"ஏறுங்க."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெனமும் கூட்டறதுக்கு நகத்துனேன்னு சொன்னேனுங்களே. நீங்க புத்துக்குப் போனதும் மலையடி வரைக்கும் நகத்திட்டு வருவேன்."

ஆற்றில் இறங்கினோம். தண்ணீர் முட்டி வரை வந்தது. கூழாங்கல் புரண்டது, வண்டி புரளவில்லை. அக்கரையில் சேறு, அதற்கப்புறம் பாறை, அதற்கப்புறம் செங்குத்தான ஏற்றம். நரி மேனேஜர் சொன்ன எல்லாவற்றையும் வண்டி செய்தது. கண்ணை இறுக்க மூடி, பாவாத்தாளின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்த எனக்கே அது தெரிந்தது. கொடுத்த தேன் ஒரு சொட்டுகூட வீணில்லை.

மாமியார் மகளின் கையைப் பிடித்ததும் விடவே இல்லை. இருவரும் அழுது முடிக்கிற வரை நான் வெளியே நின்றேன். ஆற்றில் வெள்ளம் வந்த சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

கடைசியில் மாமியார் என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை, இந்த மழையில எப்படி வந்தீங்க?" என்றார்.

"நம்ம வண்டி இருக்கறப்ப என்னங்க அத்தை!" என்று மீசையைத் தடவினேன். பாவாத்தாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாவி இன்னும் அவள் இடுப்பில்தான் இருக்கிறது. காலையில் அவள்தான் என்னைப் புற்றில் இறக்கிவிட்டுப் போகிறாள். சீட்டைத் தாழ்த்தித் தரட்டுமா, தனியாகக் கொஞ்சம் செலவாகும் என்று நரி போன் செய்தார். போனை எடுத்த பாவாத்தாள், "எதுக்குங்க? எல்லாம் அளவாத்தான் இருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நீதி: பெரிய வண்டி எடுக்கும் முன், மனைவிக்குக் கால் எட்டுகிறதா என்று பார்த்து எடுக்கவும்.