ஜனார்த்தனனுக்கு ஆட்சேபணை இல்லை

கொடுமைக்கார அப்பாவைக் கண்டுபிடிப்பது சுலபம்; குரலே காட்டிக்கொடுத்துவிடும். செல்லம் கொடுக்கும் அப்பாவைக் கண்டுபிடிப்பது அதைவிடச் சுலபம்; பிள்ளையின் பல்லைப் பார்த்தால் போதும். நாம் இங்கே பார்க்கப்போவது மூன்றாவது இனம். இவர் நல்லவர். சிரித்த முகம். பிள்ளைமீது கை ஓங்காதவர். இவருடைய வாயிலிருந்து "கூடாது" என்ற சொல் வந்ததாக யாரும் சாட்சி சொல்ல முடியாது. வருவதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: "எனக்கு ஒண்ணுமில்ல. மத்தவங்கதான் ஏதாச்சும் சொல்லுவாங்க."

யார் இந்த மத்தவங்க? அவர்களுக்கு முகவரி கிடையாது. வாக்காளர் இடாப்பில் பெயர் கிடையாது. வீடு, வாசல், வேலை, பிள்ளைகுட்டி ஒன்றும் கிடையாது. உங்கள் பிள்ளையைப் பற்றி நினைப்பதே அவர்களுக்கு முழுநேர உத்தியோகம்.

இந்த இனம் எல்லாத் தேசத்திலும் உண்டு. பனி விழும் ஊர்களின் பூங்காக்களிலும், வெயில் காயும் கடற்கரைகளிலும், விமான நிலையத்து வரிசைகளிலும் பிள்ளையின் கையைப் பிடித்தபடி நடமாடும். அம்மாக்களிலும் உண்டு, குறைவில்லை. ஆனால் நன்றாகச் செழித்து வளர்ந்த ஒன்றைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டுமென்றால், கண்டியில் பஸ் ஏறிப் பிலிமத்தலாவையில் இறங்குங்கள். கடைகளைத் தாண்டி மேட்டில் ஏறினால் மூன்றாவது வீடு. ஜனார்த்தனன். கண்டி நகரில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் வேலை. எதிலும் ஆபத்தைக் காண்பதற்குச் சம்பளம் வாங்குபவர்.

பரந்த மனசுக்காரர் என்பதற்கு ஜனார்த்தனனிடம் அத்தாட்சி இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் மகள் நிரோஷினி முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் பொலிஸ் இன்ஸ்பெக்டராக வந்தாள். தொப்பி, பெல்ட், கண்மையால் வரைந்த முறுக்கு மீசை. அந்தப் படம் இன்றும் அவருடைய போனின் முகப்பில் இருக்கிறது. காப்புறுதி எடுக்க வருகிறவர்கள் படிவத்தை நிரப்பும் முன் அந்த மீசையைப் பார்த்தாக வேண்டும். "பாருங்க, பொம்பளப் புள்ளைன்னு நான் வித்தியாசமே பாக்கிறதில்ல."

சரி, மகன்?

மகன் தினுஷனுக்குப் பதினொரு மாதமானபோது, பட்டுப்பாவாடை இரவல் வாங்கி, பொய்ச் சடை பின்னி, மல்லிகைச் சரம் வைத்து, நெற்றிச்சுட்டி கட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு ஸ்டூடியோவில் உட்கார வைத்துப் படம் எடுத்தது யார்? ஜனார்த்தனன்தான். ஆண் குழந்தைக்கு ஒரு தடவையாவது பெண் வேடம் போட்டுப் படம் எடுக்காவிட்டால் நம் வீடுகளில் அது குறையல்லவா? கண்டி எசல பெரஹரா ஊர்வலத்துக்கு அதே மகனைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய், இடுப்பில் வெள்ளைத் துணிக் கொசுவம் விரிய, மார்பு நிறைய மணியும் காலில் சதங்கையுமாகச் சுழன்று ஆடும் நடனக்காரர்களைக் காட்டி, "பாருடா மகன், ஆம்பளைங்கன்னா இவங்கதான்!" என்றது யார்? அவரேதான். இதிலெல்லாம் அவருக்கு ஒரு முரணும் தெரிந்ததில்லை. தெரிந்தால் அவர் இந்த இனமே இல்லை.

இப்படிப்பட்டவரின் வீட்டுக்கு ஒரு திங்கட்கிழமை முன்பள்ளியிலிருந்து இந்த வருட விளையாட்டுப் போட்டிக்கான படிவம் வந்தது. "வினோத உடை. பிள்ளை ஏற்கும் வேடம்:" என்று எழுதி, பக்கத்தில் புள்ளிக்கோடு.

"என்னவா போகப் போறீங்க மகன்?" என்று பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார் ஜனார்த்தனன்.

"துஷாந்தி டீச்சர்" என்றான் நாலரை வயதுத் தினுஷன்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்ததும் கதிரைத் தலையணைகளை வரிசையாக உட்கார வைத்து, அம்மாவின் சால்வையை முந்தானையாகப் போட்டுக்கொண்டு, இல்லாத மூக்குக்கண்ணாடியைச் சுண்டுவிரலால் மேலே தள்ளிப் பாடம் நடத்துபவன் அவன். அவனுக்குத் தெரிந்த உலகத்தில் துஷாந்தி டீச்சரைவிடப் பெரிய பதவி இல்லை.

"டீச்சரா..." ஜனார்த்தனன் பேனாவை மூடினார். "ஆம்பள டீச்சர், சேரா போகலாமே. நீளக் காற்சட்டை, டை எல்லாம் போட்டு?"

"எங்க ஸ்கூல்ல சேர் இல்லயே."

"டொக்டர்? பைலட்? சிங்கம்கூட நல்லாயிருக்கும்."

"சிங்கம் படிப்பிக்காது அப்பா."

அடுப்படியிலிருந்து பிரேமிளா எட்டிப் பார்த்தார். "போட்டுட்டுப் போகட்டுமேங்க. என்னோட பழைய நூல் சேலை ஒண்ணு இருக்கு."

"எனக்கு ஒண்ணுமில்ல பிரேமி. ஒங்கப்பா என்ன சொல்லுவாரு? தோட்டத்து மனுசன், பழைய ஆளு."

"ஸ்டூடியோவுல பாவாடை கட்டுனப்ப எங்கப்பாகிட்டயா கேட்டீங்க?"

"அப்ப அவன் சின்னப் புள்ள."

"இப்ப என்ன, பென்ஷனா எடுக்கிறான்?"

இந்த இனத்தின் தனித்திறமையை இங்கேதான் கவனிக்க வேண்டும். இவர் மறுக்க மாட்டார். மறுப்பவரைத் தேடிப் போவார். எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் "சீச்சீ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்; அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, "பாத்தியா, எனக்கு ஒண்ணுமில்ல, அவங்கதான்" என்று மகனின் முன்னால் வைத்துவிடலாம். அந்த ஒரு "சீச்சீ"க்காக ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாமனார் ஊரான கலஹாவுக்குக் கிளம்பினார்.

மாமனார் அழகர் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"மாப்ள, பதினோரு வருசம் காமன் கூத்துல ரதி கட்டுனவன்கிட்ட வந்து, ஆம்பள சேல கட்டலாமான்னு கேக்குறீங்களே."

ஜனார்த்தனனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமனார் கூத்தாடியவர் என்று கேள்விப்பட்டிருக்கிறார். "நீங்க மன்மதன்னுல்ல மாமா நெனச்சேன்!"

"மன்மதன எரிச்சிருவாங்க, அதோட அவனுக்கு என்னா வேல? விடிய விடிய அழுறது ரதிதான். சனம் பூரா ரதியத்தான் பாக்க வரும். மீசைய எடுத்துட்டு, மஞ்சப் பூசி, நான் வந்து நின்னா கங்காணி வீட்டம்மாவே எந்திரிச்சு நிக்கும்."

"அத்தைக்கு... ஒண்ணும் தோணலயா?"

"தோணுச்சு. அந்த வேசத்துல பாத்துட்டுத்தான் என்னய கட்டுறேன்னா. சேல கட்டத் தெரிஞ்ச ஆளு, தொவச்சு மடிக்கவும் செய்வான்னு நெனச்சிருப்பா. அதுல மட்டும் ஏமாந்துட்டா." அழகர் சிரித்தார். பிறகு மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்களுக்கு என்னா மாப்ள சங்கடம்?"

"எனக்கு ஒண்ணுமில்ல மாமா."

"அப்பறம் ஏன் ரெண்டு பஸ்சு மாறி வந்தீங்க?"

கலஹா கைவிட்டது. இருக்கட்டும், பள்ளி இருக்கிறதே! ஒரு பையன் தன்னைப் போல வேடம் கட்டுவதை எந்த டீச்சர் பொறுப்பார்? செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு முன்பள்ளி வாசலில் நின்றார். துஷாந்தி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரி. கண்டிக்கு மாறி வந்து ஆறு வருடம்.

"ஐயோ, எனக்கென்ன? எனக்குச் சந்தோசமெல்லே!" என்றார் டீச்சர். "என்ர பழைய கண்ணாடிக் கூடு, வில்லையில்லாத பிரேம், ஒண்டு கிடக்கு, அதையும் குடுத்துவிடுறன்."

"இல்ல டீச்சர், மத்தப் பெற்றோர் ஏதாச்சும்..."

"உங்கட மகள் மீசையோட வந்தவ. ஆர் என்ன சொன்னவை?"

"அது பொம்பளப் புள்ள டீச்சர்."

"ஓம்" என்றார் டீச்சர். "அதைத்தான் நானும் கேக்கிறன்."

கடைசி நம்பிக்கை தையல்காரர் ஹுஸைன் நானா. கண்டிச் சந்தைக்குப் பின்னாலிருக்கும் அவருடைய கடைக்கு மகனையும் சேலையையும் கொண்டுபோய், சேலைக்கு இவ்வளவு சின்னச் சட்டை தைப்பது கஷ்டமில்லையா, ஆம்பிளைப் பிள்ளைக்குத் தைப்பதில் ஏதும் மனச்சங்கடமில்லையா என்றெல்லாம் வழி எடுத்துக் கொடுத்தார். நானா வாயில் குண்டூசியோடு பிள்ளையின் தோளை அளந்துகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளமாருக்குக் கோட்டுத் தைக்கிறதவிட இது லேசு. இவர் வயித்த எக்கிக்கொண்டு நிக்கிறாரில்லயே."

"யாராவது ஏதாச்சும் நினைப்பாங்களோன்னுதான் நானா."

"நெனக்கிறவங்க துணி கொண்டந்தாங்களா? நீங்கதானே கொண்டந்தீங்க" என்று முடித்துவிட்டு, சட்டைக்கு எத்தனை கொக்கி என்று கேட்டார் நானா.

திரும்பி வரும் பஸ்ஸில் தினுஷன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பேராதனைப் பாலம் தாண்டியதும் கேட்டான்: "அப்பா, டீச்சர் கூடாதவங்களா?"

"ச்சே, யாரு சொன்னா?"

"அப்ப ஏன் எல்லார்கிட்டயும் கேக்கிறீங்க?"

ஆபத்துக்கு அட்டவணை போட்டு வைத்திருக்கும் மனிதர் பஸ் டிக்கெட்டை எட்டாக மடித்தார். வீட்டுக்கு வந்து படிவத்தில் "டீச்சர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் இந்த இனம் அவ்வளவு லேசில் கையெழுத்தோடு நின்றுவிடுமா? போட்டி அன்று காலை, நீளக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் குட்டி டையும் ஒரு பையில் ஏறின.

"இது எதுக்கு?" என்றார் பிரேமிளா.

"மழை வந்தா சேலை நனைஞ்சிடுமே."

வானத்தில் பஞ்சளவு முகில்கூட இல்லை.

மைதானத்தோரத் தகரக் கொட்டகையில் பிரேமிளா கொசுவம் பிடித்து, ஊசி குத்தி, பொட்டு வைத்தார். "சின்னதா வைக்கிறேன், போதும்" என்று அவரும் தன் பங்குக்கு ஒரு தடவை வாசலைப் பார்த்துக்கொண்டார் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. கண்ணாடிக்கூட்டை மாட்டிக்கொண்டு, கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தினுஷன் அண்ணாந்து பார்த்தான். முகமெல்லாம் வெளிச்சம்.

"அப்பா, அழகா இருக்கேனா?"

ஜனார்த்தனனுக்குப் பதில் தெரியும். நெஞ்சில் நிறைந்து, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வாய் திறப்பதற்கு முன் தலை திரும்பியது. இடப்பக்கம் ஓர் அம்மா தன் மகனை ரொக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் ஓர் அப்பா கரட் கிழங்காக வந்த பிள்ளைக்கு இலை ஒட்டிக்கொண்டிருந்தார். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மூன்று விநாடி இருக்கலாம்.

"சூப்பர் மகன்" என்றார் பிறகு.

பிந்திவிட்டது. அந்த மூன்று விநாடியில், அப்பாவின் தலை போன பக்கமெல்லாம் பிள்ளையின் தலையும் போய் வந்திருந்தது. நாலரை வருடமாக அப்பாவின் முகத்தைப் பார்த்தே தன்னைத் தெரிந்துகொண்ட பிள்ளை, முதல்முறையாகச் சனத்தைப் பார்த்தது.

மைதானத்துக்குள் தினுஷன் தலையைக் குனிந்தபடி நடந்தான். முந்தானையால் கையை மூடிக்கொண்டான். ஜனார்த்தனனின் விரல்கள் பையின் வாரை இறுக்கின. "பாத்தியா, நான் அப்பவே..." என்று மனைவியின் பக்கம் திரும்பியவர், மனைவியின் கண்ணைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கினார். அந்நேரம் முன்னால் போன கரட் நடுமைதானத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கியது. ரொக்கெட் அதன்மேல் மோதியது. வரிசை குலைந்தது.

வரிசை குலைந்தால் எந்த டீச்சர்தான் பொறுப்பார்? தினுஷன் நின்றான். சுண்டுவிரலால் கண்ணாடியை மேலே தள்ளினான். கையைப் பட்பட்டென்று தட்டினான். "கரட், எழும்பும்! அழுறது பிறகு. ரொக்கெட், தள்ளக் கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

யாழ்ப்பாணத்துப் பேச்சு அச்சுப் பிசகாமல் வந்தது. கரட் எழும்பியது. மைதானம் குலுங்கியது. துஷாந்தி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ர கடவுளே, நான் இப்பிடியே கத்துறனான்?" என்றார்.

முதற்பரிசு புகைவிட்ட ரொக்கெட்டுக்குப் போனது. தினுஷனுக்கு இரண்டாம் பரிசு. இப்போது ஜனார்த்தனனைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! "குறுகிய மனசு! ஆம்பளப் புள்ளை சாரி கட்டுனா ஏத்துக்கிற பக்குவம் நம்ம சமூகத்துக்கு இன்னும் வரல்ல" என்று வழியில் கண்டவரிடமெல்லாம் முறையிட்டார். மாலையில் பேஸ்புக்கில் படம் ஏறியது, "பிள்ளைகளின் கனவுக்கு வேலி போடாதீர்கள்" என்ற உபதேசத்தோடு. இரவுச் சாப்பாட்டுக்குள் நானூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள். அத்தனை பேரும் மத்தவங்கதான்.

"பொண்ணு பாக்க வராம ஒளிஞ்ச ஆளு, கல்யாண மேடையில முதல் ஆளா நிக்கிறாரு" என்றார் பிரேமிளா. ஜனார்த்தனன் காதில் அது விழவில்லை. பின்னூட்டங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை. தேநீரோடு உட்கார்ந்திருந்தவர், தினுஷன் தலையணைகளை வரிசையாக வைப்பதைப் பார்த்தார். வைத்துவிட்டுச் சால்வையை எடுத்தான். போடவில்லை. ஒரு முக்காலியை ஜன்னலடிக்கு இழுத்து, அதில் ஏறி, திரையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்து மூடினான்.

"ஏன் மகன் மூடுறீங்க? வெளிச்சம் வேணாமா?"

"ரோட்டுல ஆளுங்க போவாங்க அப்பா."

ஜனார்த்தனன் எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். மேட்டுரோடு வெறிச்சென்று கிடந்தது. ஒரு நாய் மட்டும் வெயிலில் படுத்திருந்தது. திரையைத் திறந்துவிடக் கையை நீட்டினார். நீட்டியவர், பழக்கம் பொல்லாதது பாருங்கள், முன்வீட்டு மாடியில் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பார்த்ததை மகனும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திறந்தார். பாதிதான் வந்தது, மீதிப் பாதியை மகன் முக்காலியில் நின்றபடி கெட்டியாகப் பிடித்திருந்தான்.

இந்த இனம் பிறப்பால் வருவதில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்தான் தொற்றுகிறது; அதுவும் கண் வழியாக.

நீங்கள் அப்படியில்லை. தெரியும். நீங்கள் பரந்த மனசுக்காரர், இதை வாசித்துக்கொண்டு வரும்போது நாலு இடத்தில் சிரித்தும் இருப்பீர்கள். ஒன்றே ஒன்றுதான் தெரியவில்லை: சிரிப்பதற்கு முன்னால், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?