சர்வேயர் வாங்கிய பாய்சுருட்டி

“இன்னொரு தடவை நீங்க படகு மூக்குல போய்த் தொங்கினா, நான் கரையிலயே இருந்துக்கறேன்” என்றாள் சர்வேயரின் மனைவி. சொன்ன கையோடு படகைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

குற்றம் காற்றின் மேல்தான். காற்று வலுத்தால் பெரிய முன்பாயை இறக்கிச் சின்னதை ஏற்ற வேண்டும். அதற்கு ஆடுகிற படகின் நுனிவரை தவழ்ந்து போக வேண்டும். சர்வேயர் தவழ்ந்தார். திரும்பி வரும்போது அவரிடம் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்று கடலுக்குச் சேர்ந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் வாங்கிய படகு அது. நாலு பேர் சண்டை போடாமலிருந்தால் உட்காரலாம். அவள் வரும் நாட்களில் அவளுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருந்தார்: எதையும் தொடாமல் இருப்பது. அதை அவள் இரண்டு வருஷமாகச் செவ்வனே செய்துவந்தாள். இப்போது அவள் உட்காரும் எதிர்ப்பலகை காலி. பார்க்க ஆளில்லாமல் படகு ஓட்டுவது இருட்டில் கண் சிமிட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவருக்குத் தெரிந்துவிட்டது.

வழி ஒன்றுதான். பாய்சுருட்டி. முன்பாயை அதைத் தாங்கும் கம்பியிலேயே சுருட்டி வைக்கிற உருளை. பின்னால் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கயிற்றை இழுத்தால் போதும், பாய் வேண்டிய அளவு விரியும், சுருங்கும். மூக்குப் பக்கம் தலைவைக்க வேண்டாம்.

துறைமுகக் கடைகளுக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம். சனிக்கிழமை காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பலாம். முதல் கடையில் விலையைக் கேட்டார். படகை விற்றால் அதை வாங்கிவிடலாம், ஆனால் மாட்டுவதற்குப் படகு இருக்காது. மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை மலிவாக ஒன்று கிடைக்க இருந்தது. பாயை முழுசாக விரிக்கும், முழுசாகச் சுருட்டும். வீட்டில் படம் போட்டு விளக்கினார். அவள் கீரை ஆய்ந்தபடியே, பாதிப் பாய் போதும் என்கிற காற்று அடித்தால் அது என்ன செய்யும் என்று கேட்டாள். இரண்டு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு இவ்வளவு ஞானம் எப்படி ஊறியது என்று சர்வேயருக்குப் பெருமையாக இருந்தது. தன் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் என்று முடிவு செய்துகொண்டார்.

மூன்றாவது, கம்பிமேல் துண்டு துண்டாகக் கோர்க்கிற பிளாஸ்டிக் குழாய். வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும் என்றாள். கேட்டுவரத் திரும்பப் போனார். ஆறு மாசம் என்றார்கள். அதற்குப் பிறகும் போனார். வாரா வாரம் போனார். அவளும் சலிக்காமல் பையில் சோறு கட்டிக் கொடுத்தாள்.

“அவசரப்பட்டு எதையாவது வாங்கிராதீங்க” என்பாள். “இன்னும் நாலு கடை பாத்துட்டே வாங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல.”

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று பஸ் ஜன்னலோரம் அவர் உருகுவார்.

கடைசியில் உடைத்த பெரிய படகு ஒன்றிலிருந்து கழற்றிய அலுமினியச் சுருட்டி, பாதி விலைக்குக் கிடைத்தது. நீளம் சரியா என்றார் கடைக்காரர். முப்பது வருஷம் ஊரார் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? பாய்மரக் கம்பத்தின் உயரம், கம்பத்தடியிலிருந்து மூக்குவரை தூரம், இரண்டையும் வைத்து முக்கோணக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். கணக்கு சரிதான். கம்பம்தான் பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நிலத்தில் நட்ட கல் சாய்வதில்லை என்கிற பழக்கத்தில் அதை அவர் கவனிக்கவில்லை. கணக்குக்குச் சரியாக வெட்டி மாட்டியபோது சுருட்டியின் குழாய் ஒரு சாண் குட்டை.

குட்டையை மறைக்க உருளையை மேலே தூக்கினார். இப்போது பாய் நீளம். பாயைத் தையல்காரரிடம் கொடுத்து அடியில் ஒரு சாண் வெட்டச் சொன்னார். பாய் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுமா என்று மனைவி இரண்டு தடவை விசாரித்தாள். தன்னோடு வரத் துடிக்கிறாள் என்று சர்வேயருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. ஞாயிறுவரை அவரால் பொறுக்க முடியவில்லை.

“நாளைக்கே போறோம்.”

“சனிக்கிழமையா?” அவள் கொஞ்சம் தயங்கினாள். “ஞாயித்துக்கிழமை போலாமேங்க.”

“மூணு மாசமா உனக்காக அலைஞ்சிருக்கேன். ஒரு நாள் கூடக் காத்திருக்க முடியாது.”

மறுநாள் காலையில் அவள் இரண்டு பேருக்குச் சோறு கட்டினாள்.

கரை கண்ணுக்குச் சின்னதாகும்வரை எல்லாம் வெண்ணெயாகப் போனது. பிறகு காற்று ஏறியது. சர்வேயர் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, அவள் பார்க்கிறாள் என்று உறுதி செய்துகொண்டு, கயிற்றை இழுத்தார். பாய் பாதி சுருண்டு நின்றது. பாயை மேலே தூக்கிப் பிடிக்கும் கயிறும் சேர்ந்து கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் இறுகியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது. மூக்குக்குப் போகாமல் தீராது. போகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்திருக்காவிட்டாலும் அப்போது அவருக்குக் கால் வந்திருக்காது.

“சுக்கானைப் புடிங்க. காத்துக்கு நேரா திருப்புங்க” என்றாள் அவள்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். கம்பத்தருகே நின்று மேல்கயிற்றை ஒரு முழம் தளர்த்தினாள். மூக்கில் மண்டியிட்டு, சுருண்ட பாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து மூன்று சுற்று பின்னுக்குத் திருப்பினாள். சிக்கல் விட்டது. வந்து எதிர்ப்பலகையில் உட்கார்ந்து, எதையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் சர்வேயருக்கு அதே நினைப்பு. புருஷனுக்கு ஆபத்து என்றதும் ஒரு பயந்த பெண்ணுக்கு இப்படி ஒரு துணிச்சல் பிறக்குமா என்று நினைத்து நினைத்துப் பூரித்தார். இனி அவளைப் பயப்பட விடுவதில்லை என்று தீர்மானம் செய்தார்.

படகுத்துறையில் கயிற்றை வாங்கிக் கட்டியது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பார்த்திராத வேறொரு காவலாளி. அவன் சர்வேயரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவளிடம் கேட்டான்:

“என்னக்கா, மூணு மாசமா சனிக்கிழமையானா தனியாத்தானே படகை எடுத்துட்டுப் போவீங்க, இன்னைக்கு என்ன, சாருக்குக் கத்துக் குடுக்கறீங்களா?”