மூன்று மெஷினும் ஒரு படிக்கல்லும்

மெஷின் 231 என்று காட்டியது.

அது நடுவிரல். அதற்கு இரண்டு நிமிடம் முன்பு ஆள்காட்டி விரல் 212 என்று சொல்லியிருந்தது. அதற்கும் முன்பு மோதிர விரல், 187. ஒரே ஆள், ஒரே கை, ஒரே ரத்தம்.

"திருட்டு மெஷின்!" என்றார் முத்திரை.

முத்திரை என்பது அவர் பெயர் இல்லை. எடை அளவு ஆய்வாளரான அவருக்குக் கடைத்தெரு வைத்த பட்டம். இருபத்தெட்டு வருடமாகக் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதிப்பவர். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். சரியில்லை என்றால் தராசைக் கம்பியால் கட்டி, ஈய வில்லையை வைத்து நசுக்கி, சீல் வைத்துவிடுவார். அவர் தெருமுனையில் தலை காட்டினாலே பழக்கடைக்காரர்கள் தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வார்கள். ஒரே பொருளுக்கு மூன்று எடை காட்டும் தராசை அவர் எந்தக் கடையிலும் விட்டுவைத்ததில்லை. இப்போது அப்படி ஒன்று அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்திருந்தது.

டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். "சனிக்கிழமை வரைக்கும் தினமும் காலைல வெறும் வயித்துல சர்க்கரை பாத்து எழுதிட்டு வாங்க. நூத்தி எண்பதுக்கு மேலயே நின்னா, மாத்திரையை நம்பிப் பிரயோஜனம் இல்லை. இன்சுலின் ஊசிதான்."

முத்திரைக்கு ஊசி என்றால் பயம். இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. ரௌடிக் கடைக்காரன் கத்தியைக் காட்டியபோதுகூட நகராமல் நின்றவர், தடுப்பூசி போடும் இடத்தில் மயங்கி விழுந்து, வரிசையில் நின்ற குழந்தைகளைச் சிரிக்க வைத்தவர்.

"கை கழுவினீங்களா?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"எதுக்கு?"

"இப்பத்தானே எனக்கு ஆரஞ்சு பிழிஞ்சு குடுத்தீங்க? அந்தக் கையோடயே குத்துறீங்களே!"

காலையில் மனைவிக்கு ஆரஞ்சு பிழிந்து தருவது அவர் செய்யும் ஒரே வீட்டு வேலை. தான் குடிக்கக் கூடாத ஜூஸை அவளாவது குடிக்கட்டும் என்று ஒரு பெரிய மனசு. பிழிந்த கையைத் துண்டில் துடைத்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்.

இதில் பெரிய வெட்கக்கேடு ஒன்று இருந்தது. அலுவலகத்தில் அவருடைய படிக்கற்கள் வெல்வெட் பெட்டியில் தூங்கும். மற்ற எடைக்கற்களையெல்லாம் சோதிக்கும் தாய்க்கற்கள் அவை. விரல் அழுக்கு பட்டால் எடை கூடிவிடும் என்று கையுறை போடாமல் தொடமாட்டார். அந்தப் படிக்கற்களே கெட்டுப்போயிருக்குமோ என்று வருடம் தவறாமல் தலைமை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ச் சோதித்து வருவார். அப்பேர்ப்பட்டவர் ஆரஞ்சுக் கையோடு சர்க்கரை பார்த்திருக்கிறார்.

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து குத்தினார். 166.

வேறு ஆளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். முத்திரைக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு சோப்புக்கு அறுபத்தஞ்சு இறங்குதே! இதை நம்பியா என் உடம்புல ஊசி ஏத்தப் பாக்குறாங்க?"

"மெஷின் மேல ஏன் பாயுறீங்க? நேத்து அலமாரிக்குப் பின்னாடி நின்னு நீங்க தின்ன கேக்கைக் கேளுங்க, அது சொல்லும்," என்றபடி வந்த மனைவி, பாதித் திட்டில் நிறுத்தி, பாட்டிலைத் தூக்கிக் கடகடவென்று தண்ணீர் குடித்தாள். அவரைத் திட்டித் திட்டியே அவளுக்குத் தொண்டை வறண்டுபோகும். ஒரு நாளைக்கு நாலு பாட்டில் தேவைப்பட்டது.

அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் கேக்கில் அவர் தின்றது ஒரு விள்ளல். அதற்குள் அவள் வந்து தட்டைப் பிடுங்கிவிட்டாள். பிடுங்கியதைக் குப்பையில் போட மனம் வராமல் அங்கேயே நின்று தானே தின்று முடித்தாள். கல்யாண வீடு, பிறந்த நாள், அலுவலக விருந்து என்று எங்கிருந்து இனிப்பு வந்தாலும் இதே கதைதான். புருஷன் கண்ணில் படக்கூடாது, பண்டமும் வீணாகக்கூடாது. பதிவிரதை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

முத்திரை மெஷினைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார்.

"அதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும் சார்," என்றார் மருந்துக்கடைக்காரர். "வீட்டு மெஷின்தானே? லேப்ல வர்றதைவிடப் பதினைஞ்சு சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அது கணக்குல சேத்தி."

"பதினைஞ்சா! என் ஏரியாவுல எவனாவது ஒரு கிலோவுக்குப் பதினைஞ்சு சதவீதம் குறைச்சு நிறுத்தான்னா அவன் கடையில நான் என்ன பண்ணுவேன்னு தெரியுமா?"

"தெரியும் சார். எங்க மச்சான் கடையில பண்ணியிருக்கீங்க."

இரண்டாவது மெஷின் வாங்கினார். மறுநாள் காலை, கழுவிய கை, துடைத்த விரல். பழையது 172 என்றது. புதியது 186 என்றது. ஒன்று ஊசி வேண்டாம் என்கிறது, மற்றது ஊசி போடு என்கிறது. பஞ்சாயத்துக்கு மூன்றாவது மெஷின் வந்தது. அது சற்று யோசித்து, சரியாக 180 என்றது.

"இதுக்கு நீ வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம்," என்று அதைத் திட்டினார்.

புதன்கிழமைக்குள் பத்து விரலும் சல்லடையாகிவிட்டன. ஒற்றை ஊசிக்குப் பயந்து மூன்று நாளில் நாற்பத்தொரு முறை குத்திக்கொண்டிருந்தார். இதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. அலுவலகத்தில் ஒரு மளிகைக்காரருக்குத் தராசுச் சான்றிதழ் கொடுத்தபோது அதில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. மளிகைக்காரர் நடுங்கிப்போனார்.

"புது ரூலா சார்? நானும் வைக்கணுமா?"

அன்று மாலை படிக்கல் பெட்டியைப் பூட்டும்போதுதான் முத்திரைக்கு மூளையில் விளக்கு எரிந்தது. வீட்டுக்குள் நுழைந்ததுமே கத்தினார்.

"தப்பு என் பேர்ல! அடிப்படையே தப்பு!"

"இப்பவாவது புரிஞ்சுதே," என்றாள் மனைவி.

"முழுசாக் கேளு. எடை தெரியாத மூட்டையை வெச்சுத் தராசைச் சோதிக்க முடியுமா? ஒரு கிலோன்னு உறுதியாத் தெரிஞ்ச படிக்கல்லை வெச்சாத்தான் தராசோட யோக்கியதை தெரியும். நான் எடை தெரியாத மூட்டை. எனக்கு வேண்டியது ஒரு படிக்கல். சர்க்கரையே இல்லாத சுத்தமான உடம்பு."

"அதுக்கு எங்க போவீங்க?"

"எதுக்குப் போகணும்? நீதான்!"

மனைவி பின்வாங்கினாள். "எனக்கு எதுக்கு? பிரசவத்துக்குத் தவிர ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சவளா நான்? தலைவலின்னு ஒரு மாத்திரை போட்டிருப்பேனா?"

"அதனாலதான் நீ படிக்கல்!"

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவர் அவளைப் பாராட்டிச் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் முகம் கொஞ்சம் சிவந்தது.

வியாழக்கிழமை காலை, ஆரஞ்சுக்கு முன்னால், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளை இழுத்து உட்காரவைத்து விரலைத் துடைத்தார். ஒரு குத்து, மூன்று மெஷின்.

243. 251. 238.

முத்திரை நாற்காலியிலிருந்து குதித்தார். "மாட்டிக்கிச்சு! மூணும் மாட்டிக்கிச்சு! குத்துக்கல்லாட்டம் இருக்கிற பொம்பளைக்கு இருநூத்தி நாப்பதாம்! எனக்கே அவ்வளவு இல்லையே!"

"நல்லா இருக்கிறவங்களுக்கு எவ்வளவு இருக்கணும்?"

"நூறுக்குள்ள. அப்ப ஒண்ணுக்கு ரெண்டரை காட்டுது." பென்சிலை எடுத்து வகுத்தார். "நேத்து எனக்கு வந்த நூத்தி எழுபத்தஞ்சை ரெண்டரையால வகுத்தா... எழுபது! என் சர்க்கரை எழுபதுடி! அந்த டாக்டருக்கே எழுபது இருக்காது! எடு, நேத்து ஆபீஸ் விருந்துல வந்த கேக்கை!"

அவர் கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். அவர் வாயில் மாத்திரையைத் திணித்தாள். கேக்கை வழக்கம்போல வீணாகாமல் பார்த்துக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரர் போனில் நிதானமாகக் கேட்டார். "ரத்தம் தொட்டு மெஷின்ல செருகுற ஸ்ட்ரிப் இருக்கே, அந்த டப்பாவை எங்க சார் வெச்சிருக்கீங்க?"

"அடுப்பு மேடையில."

"மூடி?"

"மூடி எங்கயோ உருண்டு போச்சு."

"அதான் சார்! சூடும் ஈரமும் பட்டா ஸ்ட்ரிப் கெட்டுடும். கெட்ட ஸ்ட்ரிப் வாய்க்கு வந்ததைச் சொல்லும். பாவம், மெஷின் என்ன பண்ணும்?"

"மூணு டப்பாவும் சேந்தாப்புல கெட்டுச்சா? கள்ளத் தராசு விக்கிறவன் எல்லாம் உங்களை மாதிரிதான்யா பேசுவான்!" என்று போனை வைத்தார். ஆனால் மனசு அடித்துக்கொண்டது. ஸ்ட்ரிப் கெட்டது என்றால் எழுபதும் பொய். எழுபது பொய் என்றால் ஊசி.

இனி தீர்ப்பு லேபில்தான் என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை காலை டாக்டரின் கிளினிக்குக்கு அவர் போன கோலத்தைப் பார்த்து, காத்திருந்த நோயாளிகள் எழுந்து வழிவிட்டார்கள். ஒரு கையில் மூன்று மெஷின்கள் வைத்த பெட்டி. மறு கையில் கம்பி, குறடு, ஈய வில்லைகள். பின்னால் சாட்சியாக, தண்ணீர் பாட்டிலோடு மனைவி.

லேபில் ரத்தம் எடுக்கும் பெண் ஊசியைப் பிரித்ததுமே அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சார், இன்னும் குத்தவே இல்லை."

"குத்தும்மா, குத்து! உண்மைக்காக எதையும் தாங்குவேன்!" என்று கத்தினார். தாங்கியும் விட்டார். கையோடு தன் மெஷின்கள் மூன்றிலும் பார்த்துக் குறித்துக்கொண்டார். 158, 165, 170.

"இவங்களுக்கும் எடு," என்று மனைவியை முன்னால் தள்ளினார்.

"அக்காவுக்கு என்ன பிரச்சினை?"

"அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அவ என் படிக்கல். இந்த மூணு ஃபிராடும் இன்னிக்குக் காலைலகூட அவளுக்கு இருநூத்தி நாப்பதுன்னு சாதிச்சுது. நீ லேப்ல பாத்துத் தொண்ணூறுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. இங்கயே, உன் கண்ணு முன்னாலயே, மூணுக்கும் சீல் வைக்கிறேன்."

"படிக்கல்லா? அப்படின்னா?"

முத்திரை பதினைந்து நிமிடம் விளக்கினார். வெல்வெட் பெட்டி, கையுறை, வருடாந்தரச் சோதனை என்று ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டபடி அக்காவின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு காகிதத்தோடு வெளியே வந்தாள்.

"சார், உங்களுக்கு நூத்தி அறுபத்திரெண்டு. டாக்டர் பாத்துட்டார். கை கழுவாம பாத்த முதல் நாள் கணக்கைத் தள்ளிட்டார். இப்போதைக்கு இன்சுலின் வேண்டாமாம். மாத்திரையே போதுமாம்."

முத்திரைக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அதை மறைப்பதற்காக இன்னும் சத்தமாகப் பேசினார்.

"பாத்தியா! ஆரம்பத்துலேருந்து நான் என்ன சொன்னேன்? மனுஷன் விடாம நின்னா மெஷின் தோத்துத்தான் ஆகணும்!"

"ஆமாமா, பெரிய மகாராஜா. ஜெயிச்சாச்சுல்ல, வீட்டுக்கு நடங்க," என்றாள் மனைவி. ஐந்து நாளாக அவரைவிட அவள்தான் அதிகம் பயந்திருந்தாள். பாட்டிலைத் திறந்து ஒரே மூச்சில் காலி செய்தாள்.

"இரு, இரு. தண்டனை பாக்கி இருக்கு." முத்திரை முதல் மெஷினைக் கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினார். ஈய வில்லையைக் கோத்தார். குறட்டை எடுத்து வாகாகப் பிடித்தபடி, லேப் பெண்ணைப் பார்த்துக் கையை நீட்டினார். "எங்கம்மா அந்த இன்னொரு பேப்பர்? தொண்ணூறா, தொண்ணூத்தஞ்சா?"

அந்தப் பெண் உள்ளே போனாள். இந்த முறை திரும்பி வரும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. காகிதத்தை அவரிடம் கொடுக்காமல், அவர் கையில் இருந்த குறட்டை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

"மூணு மெஷினுக்கும் தாராளமா முத்திரை குத்துங்க சார். படிக்கல்லைக் கடைசியா எப்ப சோதிச்சீங்கன்னு டாக்டர் கேக்கச் சொன்னார்."