இரட்டைத் தளத் தீர்மானம்

2001 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பெங்களூர் லிங்கராஜபுரத்தில் தமிழர் நல மன்றத்தின் செயற்குழு கூடியது. ஏழு பேரில் ஐந்து பேர் வந்திருந்தார்கள்.

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்ததற்கு அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்க ஒரு முடிவு அன்று தொடங்கிவைக்கப்பட்டது. குகையை விட்டு வந்தவர்கள் அதற்கு முன் துணைக்குழு அமைத்தார்களா என்று தெரியவில்லை. நாங்கள் அமைத்தோம். அதில் குறிப்பெழுதும் பேறு எனக்குக் கிடைத்தது.

பொருள் இதுதான். மன்றத்தின் ஒரே கணினி 'டாஸ்' என்ற பழைய தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அதில்தான் ஜூலியா என்ற தற்காலிக ஆபரேட்டர் மூன்று ஆண்டுகளாக மன்றத்தின் மாத மடலைத் தமிழில் அடித்து, அறுநூற்று நாற்பது உறுப்பினர்களுக்கும் தேதி தவறாமல் அனுப்பிவந்தார். ஊரே கணினியால் பெயர் வாங்கிக்கொண்டிருக்கையில் நாம் மட்டும் இப்படி ஓர் அவமானத்தைச் சுமக்கலாமா என்று தலைவர் இராஜமாணிக்கம் கேட்டார். கூடாது என்று முடிவாயிற்று.

அதே கூட்டத்தில் ஜூலியாவின் வேலையை நிரந்தரமாக்குவதென்றும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஒரு சிறு நிர்வாகச் சிக்கல்தான். நியமன ஆணையில் எந்தத் தளத்தின் ஆபரேட்டர் என்று குறிப்பிட வேண்டும். எனவே அந்த ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டு, ஆணையை அடித்து வைத்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. அடித்தவரும் ஜூலியாதான்.

துணைக்குழுவில் என்னோடு இருவர். இராஜமாணிக்கம், தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். துணைத்தலைவர் ஹெர்பர்ட், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இருவரும் கணினியைத் தொட்டதே இல்லை. அவர்களுடைய நடுநிலைக்கு வேறு சான்று வேண்டாம். ஆனால் இருவருக்கும் 'குடும்ப வழி நிபுணத்துவம்' இருந்தது. இராஜமாணிக்கத்தின் மாப்பிள்ளை ஹரிஷ் வேலை பார்த்த கம்பெனியில் விண்டோஸ். ஹெர்பர்ட்டின் மகன் கிளெமென்ட் வேலை பார்த்த கம்பெனியில் லினக்ஸ். பிள்ளையின் கம்பெனி எதுவோ அதுவே வீட்டின் கொள்கை என்பது அந்நாளைய பெங்களூர் மரபு.

"விண்டோஸ்தான் சார் சரி. சின்னக் கொழந்தகூட யூஸ் பண்ணும்" என்றார் இராஜமாணிக்கம்.

"கொழந்த யூஸ் பண்ணி மன்றத்துக்கு என்ன ஆகணும்? லினக்ஸ்னா உள்ள என்ன இருக்குன்னு தொறந்து பாக்கலாம்" என்றார் ஹெர்பர்ட்.

"தொறந்து யாரு பாப்பாங்க?"

"கிளெமென்ட் பாப்பான்."

"எப்போ?"

"அவனுக்கு டைம் கெடைக்கிறப்ப."

இந்த உயரத்திலேயே விவாதம் நான்கு ஞாயிறுகள் நடந்தது. ஐந்தாவது ஞாயிறு, ஜனநாயக முறைப்படி, ஜூலியாவின் சாட்சியம் பெறப்பட்டது. அவருக்கு எந்தத் தளம் வசதி என்று கேட்டோம்.

"எனக்கு எதுவா இருந்தாலும் சரி சார். பிரிண்டர் ரிப்பன்தான் தேஞ்சு போச்சு. அத மாத்திக் குடுத்தா போதும்."

தொழில்நுட்பம் சாராத கருத்து என்பதால் இது பதிவு செய்யப்படவில்லை.

மார்ச் மாதம் ஃபிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடம் ஜூலியாவுக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொன்னது. அவர் நேர்மையானவர், தலைவரிடம் வந்து யோசனை கேட்டார். தலைவரும் தந்தையைப் போன்ற பரிவோடு பதில் சொன்னார். "ஸ்கூலுக்கெல்லாம் போயி எதுக்கும்மா லோல்படற? உன் ஆர்டர் ரெடியா இருக்கு. தளம் ஒண்ணுதான் பாக்கி." வேலைக்கு வரவில்லை என்று ஜூலியா பள்ளிக்கூடத்துக்கு எழுதிவிட்டார்.

ஏப்ரலில் ஹரிஷ் கம்பெனி மாறினார். புதிய இடத்தில் எல்லாம் லினக்ஸ். அதே மாதம் கிளெமென்ட்டும் மாறினார், அங்கே விண்டோஸ். அடுத்த கூட்டத்தில் இராஜமாணிக்கம் எழுந்து, தொறந்து பாக்க முடியாத சாமானை மன்றத்துக்குள் விடமாட்டேன் என்றார். குழந்தைகளின் வசதியைப் பற்றி யாருக்காவது கவலை உண்டா என்று ஹெர்பர்ட் தழுதழுத்தார். கொள்கைக்காகத் தன்னையே மறுத்துப் பேசும் துணிவை அன்றுதான் நேரில் கண்டேன். குறிப்பேட்டில் எனக்கும் வேலை மிச்சம். பெயர்களை மட்டும் இடம் மாற்றினேன். வாதங்களில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

ஜூன் போய் ஜூலை வந்தது. ஆணையில் அந்த ஓர் இடம் காலியாகவே இருந்தது. கூட்டம் முடிந்து நாங்கள் வெளியே வரும்போதெல்லாம் ஜூலியா எங்கள் முகத்தைப் பார்ப்பார். "அடுத்த வாரம்மா" என்போம்.

அதற்குள் அமெரிக்காவில் வியாபாரம் படுத்தது. ஹரிஷின் கம்பெனி அவரை முதலில் 'பெஞ்சில்' வைத்தது. வேலை கொடுக்காமல் சும்மா உட்கார வைப்பதற்கு அந்தத் துறையில் அதுதான் பெயர். பிறகு, வீட்டிலேயே உட்காரச் சொல்லிவிட்டது. கிளெமென்ட்டுக்கும் ஆகஸ்டில் அதே கதி.

ஒரு நாள் காலை பஸ் நிறுத்தத்தில் இராஜமாணிக்கம் என்னைப் பிடித்துக்கொண்டார். முகம் வாடியிருந்தது.

"பக்கத்து வீட்டு கிருஷ்ணப்பா தெனமும் கேக்கறாரு சார், அளியா மனேலேயே இத்தாரான்னு. மாப்ள வீட்டுலயேதான் இருக்காரான்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது? காலையில ஒம்பது மணிக்கு அவரு கழுத்துல கார்டு மாட்டிக்கிட்டு எங்கயாவது கெளம்பணும் சார். எங்கயாவது."

ஹெர்பர்ட் வீட்டிலும் அதே கவலைதான் என்று பிறகு தெரிந்தது.

செப்டம்பர் 2 அன்று துணைக்குழு கூடியது. எட்டு மாதச் சிக்கல் பதினொரு நிமிடத்தில் தீர்ந்தது. விண்டோஸும் வேண்டும், லினக்ஸும் வேண்டும். தளத்துக்கு ஒரு கணினி, கணினிக்கு ஒரு 'சிஸ்டம்ஸ் மேனேஜர்'. ஹரிஷ், கிளெமென்ட் ஆகிய இருவரின் அனுபவமும் பரிசீலிக்கப்பட்டு அங்கேயே ஏற்கப்பட்டது. கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை உடனே அச்சடிக்க ஆணையிடப்பட்டது. இத்தகைய நவீன ஏற்பாட்டில் ஆபரேட்டர் என்ற பதவிக்கு இடமில்லை என்பதால் அது நீக்கப்பட்டது.

ஹெர்பர்ட்டே ஜூலியாவைக் கூப்பிட்டுப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். "உன்கிட்ட டாஸ் அனுபவந்தானேம்மா இருக்கு. புதுசுல ஒண்ணும் இல்லியே."

"புதுசுல பழக நீங்க மெஷினே குடுக்கலியே சார்" என்றார் ஜூலியா. பிறகு தலைவரைப் பார்த்து, "ஸ்கூல்ல கூப்பிட்டப்பவே போயிருப்பேன் சார். நீங்க சொன்னீங்கன்னுதான் இருந்தேன்" என்றார்.

தலைவர் அடையாள அட்டைக்கு நீல நாடாவா, சிவப்பு நாடாவா என்று என்னிடம் கேட்டார். ஜூலியா சொன்னதைக் குறிப்பேட்டில் நான் ஏற்றவில்லை. தீர்மானத்தின் கீழே மூன்று கையெழுத்துகள் உள்ளன, மூன்றாவது என்னுடையது.

இரு மேனேஜர்களும் கெட்டிக்காரர்கள். ஆனால் இருவருக்கும் தமிழில் அடிக்கத் தெரியாது. இரண்டு வாரம் கூட இருந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போகும்படி ஜூலியாவை மன்றம் கேட்டுக்கொண்டது. அவரும் வந்தார். அறையில் இருந்தவை இரண்டு நாற்காலிகள். பதினான்கு நாளும் அவர் நின்றபடியே கற்றுக்கொடுத்தார்.